கதவுக்குப் பின்னால் சிவப்புக் கட்டங்கள்

"பிய்க்காதீங்கன்னு சொல்றேன்ல—"

"ஒட்டினது நான்தானே, நானே எடுத்து—"

"அட்டையோட சேர்ந்து வருது பாருங்க! விடுங்க!"

"நீ தள்ளு. மெதுவா எடுத்தா வந்துடும்."

"எல்லாத்தையும் மெதுவாத்தான் எடுத்துக்கிட்டீங்க."

அவன் கை அப்படியே நின்றது. படுக்கையறைக் கதவின் பின்பக்கத்து அட்டையில் நீலத் துண்டுக் காகிதம் ஒன்று பாதி பிய்ந்து தொங்கியது. அடியில் இருந்த சிவப்பும் பசையோடு உரிந்து வந்திருந்தது.

அட்டை அவள் போட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் ஷிப்ட் போட்டுக் கொடுக்கிறவள். ஒரு வார்டும் ஆளில்லாமல் கிடந்ததாகப் பேச்சு வாங்கியதில்லை. கூரியர் குடோனில் மூட்டைகளோடு மல்லுக்கட்டும் புருஷனும் தானும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதுவது என்று முடிவானதும், ஒரே மூச்சில் உட்கார்ந்து வரைந்துவிட்டாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புத்தகத்தைத் திறந்தால் விளங்கினாற்போலத்தான். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். நீலக் கட்டம் அவனுக்கு, சிவப்பு அவளுக்கு. ஒருவர் படிக்கும்போது மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவளுடைய சிவப்புக் கட்டத்தின் மேல் முதல் நீலத் துண்டை அவன் கெஞ்சித்தான் ஒட்டினான். "இந்தச் சதவிகிதம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. உனக்கென்ன, மூளை சும்மா கத்தி. ஒரு மாசம் உட்கார்ந்தா ஊதித் தள்ளிடுவே."

"ஐஸ் வைக்கிறதுல மட்டும் ஐயாவுக்கு நூத்துக்கு நூறு."

"ஐஸ் இல்லடி, உண்மை."

உண்மைதான். அதுதான் வினையாகப் போயிற்று. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் சிவப்பின் மேல் ஒரு நீலத் துண்டு ஏறியது. கலவைக் கணக்கை அவள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே வாயாலேயே போட்டுக் காட்டுவாள், அவன் எழுதிக்கொள்வான். மாதிரித் தேர்வுக்குப் போனில் மணி வைத்தவள் அவள். "முதல்ல கேள்வியைப் படிங்க, அப்புறம் பத்தியைப் படிங்க" என்று தலையில் அடித்துக்கொண்டவளும் அவள்தான். கடைசியில் அவளுக்கென்று மிஞ்சியது ஓரத்தில் ஒரு வரிசை. அந்த வாரம், 'பட்டாணி' என்று அவர்கள் கூப்பிடும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. "நீங்க எழுதுங்க, அடுத்த தடவை நான்" என்று சொல்லிவிட்டாள். அவனும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இன்று அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. வெளியூரில், விடுதியில் தங்கி இரண்டு வருஷப் படிப்பு. சந்தோஷம் தாங்காமல் அவளைக் கதவருகே இழுத்து வந்து, "இனிமே எல்லாம் சிவப்புதான்" என்று துண்டுகளை உரிக்க ஆரம்பித்தான். சண்டை அங்கே பிடித்தது.

"சரி, பிய்க்கலை. புது அட்டை வாங்கிட்டு வரேன். நாளையிலேருந்து உன் முறை."

"என் முறையில பட்டாணியை யார் பார்ப்பா?"

"நான்தான்."

"நீங்க விடுதியில இருப்பீங்க."

அவன் பாதி பிய்ந்த துண்டைத் திரும்ப அழுத்தி ஒட்டப் பார்த்தான்.

"பகல்ல எனக்கு ஆஸ்பத்திரி. வந்தா இவ. நடுவுல எந்தக் கட்டத்துல நான் உட்காரட்டும்?"

"எங்கம்மாவை வரச் சொல்லலாமே..."

"உங்கம்மாவுக்கு இருக்கிற முட்டி வலிக்கு, அவங்களை மாடி ஏத்தவே ஷிப்டுக்கு ஒரு ஆள் போடணும்."

வேறு ஒரு நாளாயிருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். அவன் அட்டையைப் பார்த்தான். கடைசிக் கட்டத்தில் 'பரீட்சை' என்று எழுதி, இரண்டு நிறத்திலும் நட்சத்திரம் போட்டிருந்தாள். அதற்கப்புறம் வெறும் அட்டை.

"இதுக்கு அப்புறம் ஒண்ணுமே போடலியே நீ."

"போடலை." குரலில் சண்டை இறங்கியிருந்தது. "ஒருத்தர் லீவுல போனா அடுத்து யாருன்னு எழுதாம ஆஸ்பத்திரியில பேனாவைக் கீழ வைக்க மாட்டேன். நம்ம வீட்டுக்கு மட்டும் பரீட்சையோட நிறுத்திட்டேன் பாருங்க. பாஸ் பண்ணுவோம்னே நினைக்கலையோ என்னவோ."

"உன் தப்பில்ல. நான்தான் உன்னோட—"

"யார் தப்புன்னு நான் கேட்கலையே."

தரையில் குழந்தை சிவப்புப் பேனாவைக் கண்டெடுத்து, தன் காலில் கிறுக்கிக்கொண்டிருந்தது. நீலப் பேனா எப்போதோ மை தீர்ந்து குப்பைக்குப் போய்விட்டது. இது இன்னும் புதுசுபோல் எழுதியது.

"பரண்ல இருக்கிற பெரிய பெட்டியை இறக்கிக் குடுங்க" என்றாள். "ஜிப் சரியா இருக்கான்னு பார்க்கணும். கடைசி நேரத்துல திண்டாடக் கூடாது."

இறக்கிக் கொடுத்தான். அவள் ஈரத்துணியால் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். மூடி, பிடி, சக்கரம், ஒன்றையும் விடவில்லை. அவன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான். அவள் நிமிரவில்லை. துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"நான் போகலைன்னா... நீ படிப்பியா?"