ஸ்டெப்னியின் நான்கு நிமிடங்கள்

தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் அந்தப் பருவத்தில் அத்தனை ஆட்டங்களையும் அவள் மிக அருகிலிருந்து பார்த்தாள். டிக்கெட் இல்லாமல், மைதான ஓரத்துப் பெஞ்சில், கையுறை மாட்டிக்கொண்டு. பட்டியலில் மாற்று கோல்கீப்பர். அணிக்குள் ஸ்டெப்னி.

ஸ்டெப்னி இறங்க வேண்டுமென்றால் வண்டி பஞ்சராக வேண்டும். முதல் கோல்கீப்பர் பூட்டக்காவுக்கோ அந்த வருடம் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒரு கோலும் வாங்கவில்லை; கோலைப் பூட்டியே வைத்திருந்ததால்தான் அந்தப் பெயர். வேறு வேலையில்லாத ஸ்டெப்னி விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

கடைசி ஆட்டத்துக்கு அவள் அப்பா சலூனைச் சாத்திவிட்டு வந்திருந்தார். “என் பொண்ணுதான் கோல்கீப்பர்” என்று வருடம் முழுக்க அளந்துவிட்டதால், வாடிக்கையாளர்கள் நான்கு பேரும் கூடவே வந்தார்கள். ஒருவருக்கு ஒரு பக்கம்தான் கிருதா எடுத்திருந்தது. திங்கட்கிழமை ஸ்டெப்னி கூரியர் ஆபீஸில் வேலைக்குச் சேர்கிறாள். இன்று இறங்காவிட்டால் அவ்வளவுதான்.

எண்பத்தாறாவது நிமிடம். மூன்று கோல் முன்னிலை. பூட்டக்கா திடீரென்று இடது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, வலது காலை நொண்டியபடி வெளியே வந்தாள்.

“எந்தக் கால்மா?” என்றார் கோச்.

“ரெண்டும்தான் சார்.”

ஸ்டெப்னிக்குப் புரிந்துவிட்டது. “அக்கா, நீங்க கோலே வாங்காத ரெக்கார்டு...”

“அது என்ன முட்டையா, உடையுறதுக்கு? போடி உள்ள!”

இரண்டு நிமிடம் பந்து அவள் பக்கமே வரவில்லை. மூன்றாவது நிமிடம், சொந்த அணிக்காரி ஒருத்தி பரிதாபப்பட்டுக் காலால் மெதுவாக அவளிடம் தள்ளிவிட்டாள். அப்படி வரும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. விதி அவளுக்குத் தெரியும். கைகளுக்குத் தெரியவில்லை. ஒரு வருடப் பசியில் அள்ளிக்கொண்டன.

விசில். கோலுக்கு மிக அருகில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். நடுவர் ஒரு கையை உயர்த்திப் பிடித்தார். உதைத்த பந்து இன்னொருவர் மேல் பட்டு உள்ளே போனால்தான் கோல், நேராகப் போனால் செல்லாது என்று அதற்கு அர்த்தம். எதிரணிக்காரி அந்தக் கையைப் பார்க்கவில்லை. வலையைப் பார்த்தாள். ஓங்கி உதைத்தாள்.

ஸ்டெப்னி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

“பிடிடீ!” என்று சலூனே அலறியது.

வலை அதிர்ந்தது. எதிரணி கட்டிப்பிடித்துக் குதித்தது. அப்பா தலையில் கைவைத்தார். நடுவர் கோல் இல்லை என்று கைகாட்டிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் பூட்டக்கா இரண்டு காலாலும் பிரமாதமாக ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டாள்.

“தேங்க்ஸ்க்கா.”

“எதுக்குடி?”

“நொண்டினதுக்கு. ரெண்டு காலுக்கும் சேர்த்து.”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். அந்த வருடத்தின் முதல் ஜலதோஷம்.

அப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “ஏண்டி, வந்த பந்தைப் பிடிக்காம கையக் கட்டிக்கிட்டு நின்ன?”

“அதுக்குத்தான்ப்பா ஒரு வருஷமா பெஞ்சுல உக்காந்து ப்ராக்டீஸ் பண்ணேன்.”