ஆட்காட்டி முட்டைக்குப் பிடித்த குடை

நர்மதா நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஞாயிறுகளில் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவாள். அவள் கணவன் சந்திரசேகர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன். "வாரம் பூரா கோழிப்பண்ணைக்கு நடுவுலதான் குடியிருக்கறோம். லீவு நாள்லயும் பறவையா?" என்று சிரிப்பான்.

சித்திரையில் ஒரு ஞாயிறு அவள் ஸ்கூட்டர் பழுதானது. மோகனூர்ப் பக்கம் காவிரியில் ஆற்று ஆலா என்ற பறவை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அவள் தவித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வா" என்று சந்திரசேகர் தன் புதுக் காரை எடுத்தான்.

"ஏனுங்க, ரோட்டுலயே நிறுத்துங்க. நடந்துக்கலாம்."

"இந்த வெயில்லயா?" என்று வற்றிக் கிடந்த ஆற்று மணலுக்குள் இறக்கினான். கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் மணலில் புதைந்தது. அழுத்த அழுத்த இன்னும் இறங்கியது.

சந்திரசேகர் காரை விட்டு இறங்கியதும் ஒரு பறவை கத்திக்கொண்டே அவன் தலைக்கு நேராகப் பாய்ந்தது. துண்டை வீசி விரட்டினான்.

"ஆட்காட்டிங்க. பக்கத்துல முட்டை இருக்கும், காலை எடுக்காதீங்க."

குனிந்து தேடினாள். முன்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், கூழாங்கல்லோடு கல்லாக நாலு முட்டைகள் கிடந்தன. வண்டி சிக்காமல் இருந்திருந்தால் நசுங்கியிருக்கும். சந்திரசேகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நாம நிக்கற வரைக்கும் அது வந்து உக்காராது. இந்தச் சூட்டுல முட்டை வெந்துருமுங்க" என்றவள், குடையை விரித்து முட்டைகளுக்கு நிழலாகப் பிடித்து நின்றாள். பறவை குடைத்துணியை உரசி உரசிப் பறந்தது. அவன் வெறுந்தலையோடு டிராக்டர் தேடிப் போனான்.

கரும்புக் காட்டிலிருந்து பெரியசாமி என்பவர் டிராக்டரோடு வந்தார்.

"முன்னால கட்டி இழுத்தா சுளுவா வந்துருமுங்க. பின்னால பூராப் பொதமணலு. இழுத்தா பம்பர் போயிருமுங்க."

முன்னால் இழுத்தால் சக்கரம் முட்டைகள் மேல்தான் ஏறும். நர்மதா கணவனைப் பார்த்தாள். வண்டி வாங்க அவன் எத்தனை ஆசைப்பட்டான் என்று அவளுக்குத் தெரியும். குடையை முட்டைகள் பக்கம் இன்னும் தாழ்த்திப் பிடித்தாள்.

அவன் முட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "பின்னாலயே இழுங்க. பம்பர்தானுங்களே, பட்டறையில மாட்டிக்கலாம்."

பெரியசாமி கயிற்றைக் கட்டி மெதுவாக இழுத்தார். வண்டி வந்தது. பம்பரும் பாதி கழன்று வந்தது.

அவரை அனுப்பிவிட்டு இருவரும் கரையில் ஒரு புளியமரத்தடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்காட்டி நேரே முட்டைக்குப் போகவில்லை. தண்ணீரோரம் இறங்கி உட்கார்ந்து எழுந்தது.

"அதென்ன, குளிக்குதா?" பைனாகுலரை வாங்கிக்கொண்டு கேட்டான்.

"வயித்த நனைச்சுக்குதுங்க. அந்த ஈரத்தோட முட்டை மேல உக்காந்து சூட்டைத் தணிக்கும்."

அது ஓடிவந்து முட்டைகள் மேல் அமர்ந்தது. வெகுநேரம் அவன் கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்கு ஆலா கண்ணில் படவேயில்லை. பம்பரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மோகனூர் வந்து டீக்கடையில் நிறுத்தினார்கள்.

"எங்கீங்க இடிச்சீங்க?" என்றார் கடைக்காரர்.

"இடிக்கலீங்க. அம்மிணியும் நானும் பறவை பாக்கப் போயிருந்தோம்" என்று தொடங்கியவன் ஆட்காட்டி கதையை ஆதியோடந்தமாகச் சொன்னான். பாதியில் முட்டை நாலிலிருந்து ஆறாகிவிட்டது. நர்மதா திருத்தவில்லை. டீயை ஆற்றிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.