பாதிப் படியில் அண்ணி

ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குச் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது பெரும்பாடு. கேட்டு, கெஞ்சி, கடைசியில் மேட்ரன் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுதான் அவள் அந்த லீவை வாங்கினாள். ஆற்றங்கரையில் நிற்கும் பழைய காவல் கோபுரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. ஒரு காலத்தில் சரக்குப் படகுகளைக் கண்காணிக்கக் கட்டியதாம். பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். இறங்கத்தான் வாய்த்ததில்லை.

கணவனிடம் சொன்னாள். "பார்க்கலாம்" என்றான். எதைக் கேட்டாலும் அவன் அப்படித்தான் சொல்லுவான். ஆபீசில் அவனுக்குப் பட்டப்பெயரே 'பார்க்கலாம்'தான். அவன் பார்த்த லட்சணம், கிளம்புவதற்கு முந்தின நாள் அவனுடைய அக்கா ஒரு பெட்டியும் பெரிய தோள்பையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"ஊர் சுத்தப் போறீங்கன்னு தம்பி சொன்னான். நானும் வரேன்."

"வாங்க அண்ணி" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது?

அண்ணி தலைமை ஆசிரியையாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம் அவளை விட்டுவிட்டது, அவள்தான் பள்ளிக்கூடத்தை இன்னும் விடவில்லை. லாட்ஜில் தலையணை உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேனேஜரை வரச்சொல்லி நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். காலையில் டிபன் கடையில் சர்வரின் நகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று நடக்க வைத்தாள். கோபுரத்துக்கு வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வரிசை வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றது.

வாசலில் காவலாளி பையைப் பார்த்துக் கையைக் குறுக்கே நீட்டினார். "பெரிய பை மேல கொண்டு போகக் கூடாதும்மா. படி ரொம்பக் குறுகல்."

"படி குறுகலா இருந்தா அது கட்டினவங்க தப்பு. என் பை என்ன பண்ணும்?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கணவன் சட்டென்று பையை வாங்கிக்கொண்டான். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு முட்டி வலி. நான் இங்க மரத்தடியில உக்காந்திருக்கேன்." காலையில் மூன்று கடை ஏறி இறங்கியபோது எங்கே போயிருந்ததோ அந்த முட்டி வலி. அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அதற்குள் பெஞ்சைப் பிடித்துவிட்டான்.

"நீ பின்னாடி வா. நான் விழுந்தா பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு அண்ணி முன்னால் ஏறினாள்.

சுருள் படி. ஆயிரம் கால் பட்டு ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்து வழவழவென்று கிடந்தது. பிடித்துக்கொள்ளச் சுவரோரம் ஒரு கயிறு. ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், இறங்குகிறவர்கள் ஒரு பக்கம் என்று பெயருக்குத்தான். எதிரில் ஆள் வந்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒட்டி நிற்க வேண்டும். அண்ணி எதிரே வந்தவர்களிடமெல்லாம் "இடதுபுறம், இடதுபுறம்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். பாதி வழியில் ஒரு சின்ன ஜன்னல் வந்தது. அண்ணி அதன் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். கீழே தரை தெரியவில்லை. வெகு ஆழத்தில் தண்ணீர்தான் தெரிந்தது.

அவ்வளவுதான். ஜன்னல் மாடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி? மூச்சு வாங்குதா?"

"என்னால முடியாது."

"சரி, கீழ போயிடலாம்."

"அதுவும் முடியாது."

மேலிருந்து கழுத்தில் கேமரா தொங்க ஒரு பருத்த மனிதர் மனைவியோடு இறங்கி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கல்லூரிப் பெண்கள் கூட்டம். கீழே, வரிசை ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றது. "என்னங்க அங்க?" என்று ஒரு குரல். "யாரோ அம்மா உக்காந்துட்டாங்களாம்" என்று இன்னொன்று. அடியிலிருந்து காவலாளியின் விசில் சுருண்டு சுருண்டு மேலே வந்தது.

வார்டில் எத்தனையோ பிடிவாதக்கார நோயாளிகளை அவள் சமாளித்திருக்கிறாள். ஆனால் அவர்கள் யாரும் நாத்தனார் இல்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தாள். படபடவென்று அடித்தாலும் சீராகத்தான் இருந்தது. நெஞ்சு வலி இல்லை, பயம்தான்.

"உங்களுக்கு உயரம்னா பயமா அண்ணி?"

"சின்ன வயசுல இருந்தே."

அவளுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்கு ஏறினீங்க? கீழயே உங்க தம்பி கூட உக்காந்திருக்கலாம்ல? நான் இந்த லீவுக்கு எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?"

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி மூக்கில் பாதி இறங்கியிருந்தது. "எப்பவும் கீழதானே உக்கார வைக்கறீங்க! போன தடவை அருவிக்குப் போனப்ப என்ன பண்ணீங்க? 'அண்ணி, செருப்பப் பாத்துக்கங்க.' கண்காட்சிக்குப் போனப்ப? 'நீங்க இப்படி நிழல்ல இருங்க.' வீட்டுக்கு வந்ததும் அங்க அது இருந்துச்சு, இங்க இது இருந்துச்சுன்னு நீங்களே பேசிச் சிரிச்சுக்கறீங்க. எனக்கு என்ன தெரியும், செருப்பு எத்தனை ஜோடின்னு தெரியும்."

அருவியில் அப்படிச் சொன்னது அவள்தான். ஆனாலும் இதைச் சொல்வதற்கு இந்தப் படிதானா கிடைத்தது என்று அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"ஏங்க, குடும்பக் கதையை வீட்ல போய்ப் பேசுங்க" என்றார் பருத்தவர். "நாங்க பஸ்ஸைப் பிடிக்கணும்."

அண்ணியின் முதுகு நிமிர்ந்தது. கண்ணாடி மேலே ஏறியது. "அங்க என்ன சத்தம்? நீங்க மொதல்ல அந்தக் கேமராவைக் கழட்டிக் கையில பிடிங்க. வயித்தை எக்கிட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா இறங்குங்க. பொண்ணுங்களா, தள்ளக் கூடாது! கீழ நிக்கறவங்க எல்லாம் சுவரோட ஒட்டி நில்லுங்க, பேச்சு கூடாது!"

அந்தக் குரலுக்கு எத்தனையோ வருஷத்துப் பழக்கம் இருந்தது. எல்லோரும் ஒட்டி நின்றார்கள். பருத்தவர் வயிற்றை எக்கிக்கொண்டு நழுவினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். படி மேலே காலியானது.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் அண்ணி, பழையபடி சின்னக் குரலில்.

கீழே அத்தனை பேரையும் உரசிக்கொண்டு அண்ணியை இறக்க வழியில்லை. அவள் அண்ணிக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என் முகத்தை மட்டும் பாருங்க" என்று சொல்லி, தான் பின்பக்கமாகவே ஏறினாள். வழியெல்லாம் அண்ணி அவளுடைய பொட்டு கோணலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அண்ணி நடுவில் இருந்த தூணில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அண்ணியின் சேலைத் தலைப்பு மட்டும் பறந்தது. அவள் அண்ணியை அங்கேயே விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரை நோக்கி நகர்ந்தாள்.

"என்ன தெரியுது? சொல்லு."

"ஆறு தெரியுது அண்ணி."

"அது எனக்கும் தெரியும். எந்தப் பக்கம் வளையுது?"

அவள் பல்லைக் கடித்தாள். பிறகு சொன்னாள். ஆறு வலப்பக்கம் வளைகிறது, வளைவில் மணல் திட்டு, திட்டில் யாரோ குடையை விரித்துவிட்டுத் தூங்குகிறார்கள். படகில் துணி காய்கிறது. பாலத்தில் பஸ் தீப்பெட்டி மாதிரி போகிறது. அண்ணி "ம்", "அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல, தான் பார்க்காமலே விட்டிருக்கக்கூடியவற்றையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே சமயம், ஒரு நிமிஷமாவது வாயைத் திறக்காமல் இங்கே நிற்க முடிந்தால் எப்படி இருக்கும் என்றும் தோன்றியது. அந்த நிமிஷம் கிடைக்கவில்லை. மழை வருகிறது, எல்லோரும் இறங்குங்கள் என்று காவலாளி மேலே வந்து விசில் ஊதினார்.

அண்ணி உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே கணவன் பெஞ்சில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியதும், "என்ன, நல்லா இருந்துச்சா?" என்றான். இரண்டு பேரும் அவனைத் தாண்டி லாட்ஜ் பக்கம் நடந்தார்கள்.

மறுநாள் காலை, இரண்டு பேரும் தூங்கும்போதே அவள் கிளம்பிவிட்டாள். தனியாக, ஒருமுறை. கோபுர வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. வார விடுமுறையாம். பக்கத்தில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி நின்று அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவள் கரையோரமாக நடந்து, தண்ணீரைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினாள்.

அண்ணி தலைவாரிக்கொண்டிருந்தாள். "எங்க போயிருந்த?"

"கோபுரத்துக்கு. பூட்டியிருக்கு."

"போறதுக்கு முன்னாடி விசாரிக்க வேணாமா?" என்றாள் அண்ணி. "நேத்தே அந்த ஆளைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான்ல?"

அவள் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.