வழியனுப்பு விருந்தும் எல்மரின் உயரமும்

பன்றி வெந்து முடிந்த பிறகுதான், தான் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதை எல்மர் அம்மாவிடம் சொன்னான்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், அவர்கள் தெருவில் யார் வெளிநாடு போனாலும் வழியனுப்பு விருந்து உண்டு. விருந்து நடந்துவிட்டால் போயே ஆகவேண்டும், சாப்பிட்டவர்கள் விடமாட்டார்கள். கூடைப்பந்து ஆட அமெரிக்கக் கல்லூரி ஒன்று கூப்பிடுகிறது என்ற பாதிச் செய்தியிலேயே அம்மா பன்றிக்குச் சொல்லிவிட்டாள். மணிலாப் பல்கலைக்கழகம் ஒன்றும் கூப்பிடுகிறது என்ற மறுபாதி அடுப்படிவரை வந்து சேரவில்லை.

"இப்ப வந்து சொல்றியேடா. என்னன்னு சொல்லிப் பரிமாறுறது?"

"பிறந்தநாள்னு சொல்லு."

"யாருக்கு?"

"பன்றிக்கு."

எல்மரின் உயரம் ஆறடி நான்கு அங்குலம். ஊரில் அவன் கோபுரம். கூடைக்கடியில் நின்று கையைத் தூக்கினால் போதும். மணிலாவில் சேர்ந்தாலும் அதே வேலைதான், முதல் ஆட்டத்திலிருந்தே. அமெரிக்கப் பயிற்சியாளரோ, "எங்க பசங்களுக்கு நடுவுல நீ குள்ளம்ப்பா. பந்தைத் தட்டிக்கிட்டு வரக் கத்துக்கோ. முதல் வருஷம் ஆட்டம் கிடையாது, பெஞ்சுதான்," என்றுவிட்டார். எல்மர் பந்தைத் தட்டிக்கொண்டு நடந்தால் பந்து ஒரு பக்கம் போகும், அவன் ஒரு பக்கம் போவான்.

விருந்துக்கு நடுவே வழக்கம்போல் தெரு மைதானத்தில் ஆட்டம். எல்மர் அன்றைக்குப் பந்தைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னான். எதிரே வாடகைக்கு மோட்டார் ட்ரைசிக்கிள் ஓட்டும் நோனோய், ரப்பர் செருப்போடு. இரண்டாவது தட்டிலேயே பந்து நோனோயிடம்.

"அமெரிக்காவுக்குக் கொண்டுபோற பந்தா தம்பி? நான் பத்திரமா வச்சிருக்கேன்."

மறுபடியும் பறிகொடுத்தான். தெருவே தட்டும் கையுமாக நின்று சிரித்தது. அம்மா கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கூடைக்கடியில போய் நில்லுடா, தூக்கிப் போடுறோம்," என்றான் ஒருவன்.

கூடை பக்கத்தில்தான் இருந்தது. அங்கே போனால் கை தூக்கலாம், பந்து விழும், கைதட்டுவார்கள். நாற்பது வயதுவரைக்கும் தட்டுவார்கள். எல்மருக்கு அது முன்கூட்டியே அலுத்தது. சிரிப்போ, பயந்த அளவுக்கு வலிக்கவில்லை.

"பந்தைக் குடுண்ணே."

"திரும்பவுமா?"

"திரும்பவும்."

இந்தமுறை நடுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் பறிபோனது.

ஆட்டம் முடிந்ததும் மணிலாப் பயிற்சியாளருக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டான். பிறகு அம்மாவிடம் போய், "போறேம்மா," என்றான்.

"அங்க பெஞ்சுல உக்கார வைப்பாங்களாமே?"

"ஒரு வருஷம்."

அம்மா அவன் இடுப்பைக் கண்ணால் அளந்தாள். "குளிர் ஊராச்சே. கெட்டியா ஒரு பேண்ட் வாங்கணும்," என்றாள்.