ஜன்னலுக்குக் கீழே வெள்ளைப் பலகை

என் மனைவி மாரென் இறந்த ஐந்தாம் மாதம், அவளுடைய அண்ணன் கார்ஸ்டன் துலூத் நகரத்திலிருந்து நெம்புகோலோடு வந்தான். விடுமுறைப் பயணங்களுக்குக் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் எங்கள் 1962ஆம் வருட டிரெய்லர் வீட்டின் உட்சுவரைப் பிரிக்க வேண்டியிருந்தது.

பழைய டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு உட்சுவரின் பிர்ச் மரப் பலகை மேல் பெயின்ட் அடிப்பது மன்னிக்க முடியாத குற்றம். உள்ளே இருட்டாக இருக்கிறது என்று மாரென் ஒரு சுவர் முழுக்க வெள்ளை அடித்துவிட்டாள். பனி உருகியபோது ஜன்னலுக்குக் கீழே பலகை ஊறி உப்பியிருந்தது. அவள் பெயின்ட்தான் மரத்தைக் கெடுத்தது என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் டிரெய்லருக்குள் வரவே இல்லை.

"கேக்குக்கு க்ரீம் தடவுற மாதிரி அப்பியிருக்கா பாரு," என்று கார்ஸ்டன் சிரித்தான். "காப்பியில சர்க்கரையும் இப்படித்தான் கொட்டுவா."

பலகை கையோடு வந்தது. உள்ளே சட்டம் கறுத்து நனைந்திருந்தது. அவன் ஜன்னல் விளிம்புக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தான்.

"மாப்ள, ஜன்னலச் சுத்தி தண்ணி எறங்காம அடைக்கிற புட்டி டேப்பே ஒட்டலையே! மழையெல்லாம் இதுவழியாத்தான் எறங்கியிருக்கு. எந்த மடையன் மாட்டுன ஜன்னல் இது?"

"நான்தான்."

அவன் சிரிப்பு நின்றது. "தன்னாலதான் கெட்டுப்போச்சுன்னு என்கிட்ட போன்ல அழுதாளே?"

"நான் அப்படிச் சொன்னேன்."

கார்ஸ்டன் நெம்புகோலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். மீதிப் பலகைகளை நானே கழற்றினேன். அவள் வெள்ளை அடித்த மற்ற இடமெல்லாம் மரம் காய்ந்து உறுதியாக இருந்தது.