கடைசி அரை மணி

அளவுகோலைக் குழிக்குள் இறக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. மணி பதினொன்று பத்து. வீட்டில் அவள் கணவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் பேசினாள்.

"மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. கிளம்பி வர்றியா?"

போன வாரமும் இப்படித்தான் இரண்டு தடவை அழைப்பு வந்தது. இரண்டு தடவையும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டு தடவையும் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எதற்கு வந்தாய் என்று அவளையே கடிந்துகொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு அளவுதான் அண்ணி. பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு எடுத்துட்டு வந்துடறேன். அவர்கிட்ட சொல்லிடுங்க."

புருஷனும் பெண்டாட்டியுமாகப் பதினெட்டு வருடமாகச் செய்யும் தொழில் அது. வீடு, கடை, மருத்துவமனை, விடுதி என்று யார் எதைக் கட்டினாலும் அதன் கழிவுநீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். வரைபடம் அவர். மண்ணும் அளவும் அவள். ஊரில் அவருக்கு 'டேங்க் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வீடு கட்ட வருகிறவர்களிடம் முதல் கேள்வியாக, மொத்தம் எத்தனை பேர் என்பார். அடுத்த கேள்வி, மாமியார் வந்தால் எத்தனை நாள் தங்குவார் என்பது. ஒரு தடவை அந்தக் கேள்விக்கு ஒரு தம்பதி அவர் முன்னாலேயே சண்டை பிடித்துக்கொள்ள, அவர் பாட்டுக்கு இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்துத் தொட்டியைப் பெரிதாக்கிவிட்டார்.

இது நாற்பது அறை விடுதி. மண் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்று தெரிந்தால்தான் எத்தனை உறிஞ்சுகுழி வேண்டும் என்று சொல்ல முடியும். அதற்காக முதல் நாளே குழியில் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். மறுநாள் அரை மணிக்கு ஒரு தரம் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளந்து, மறுபடி நிரப்பி, மறுபடி அளந்து நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் எடுக்கும் அளவுகளெல்லாம் குப்பைக்குத்தான் போகும். மண்ணின் நிஜமான குணம் கடைசி அரை மணியில்தான் தெரியும். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் எல்லாம். அளவுகோலை அவர் எந்த மேஸ்திரி கையிலும் கொடுத்ததில்லை. குழி குறைந்தால் செலவு குறையும் என்பது மேஸ்திரிக்குத் தெரியுமல்லவா. இந்த இடத்திலோ முப்பதடி தள்ளி அக்கம்பக்கத்து வீடுகள் குடிக்கிற கிணறு இருந்தது.

காலையில் அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியவரும் அவர்தான். "நீ போ. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார். அவரால் கட்டிலை விட்டே இறங்க முடியாது என்பதால் அதை நகைச்சுவையாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சிரிக்கவில்லை.

குழியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். கடிகாரம் நகர்வேனா என்றது. பதினொன்று இருபத்தைந்துக்கு அவளால் முடியவில்லை. அளவுகோலை இறக்கினாள். இருபது நிமிடத்தில் எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அப்படியென்றால் முப்பது நிமிடத்துக்குப் பன்னிரண்டு. தாளில் பன்னிரண்டு என்று எழுதி, நேரம் 11.35 என்று போட்டாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. தண்ணீருக்கு வாய்ப்பாடு தெரியாது என்று அவர் அடிக்கடி சொல்வார். மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும், பெருக்கிப் பார்த்து எழுதுவதும் பொய் எழுதுவதும் ஒன்றுதான் என்பார். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. அங்கே நின்ற மேஸ்திரியிடம் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு இருபது நிமிட ஓட்டம். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனபோது பதினொன்று நாற்பத்தைந்து. அவர் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கை இன்னும் சூடாகவே இருந்தது. அந்தச் சூட்டை அவளால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. கூப்பிட்டதுமே கிளம்பியிருந்தால் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்திருக்கலாம், முகத்தைப் பார்த்திருக்கலாம் என்ற கணக்கையே அவள் மனம் திரும்பத் திரும்பப் போட்டது. நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள்.

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. அவன் நிம்மதியாத்தான் போனான். நீ சொன்னதைச் சொன்னேன். கடிகாரத்தை எதிர்ல வைக்கச் சொன்னான். பார்த்துக்கிட்டே இருந்தான். முப்பத்தஞ்சு ஆனதும், 'இப்ப எடுத்திருப்பா'ன்னான். அதுக்கப்புறம் பேசலை."

ஆறுதலாகத்தான் சொன்னாள். இவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். முப்பத்தைந்துக்கு அவள் பாதி வழியில், ஒரு லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். அவரையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு விடுதி மேஸ்திரி வந்தார். கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நல்ல மனிதர்தான், கண் கலங்கியிருந்தது. போகும்போது குனிந்து, எதையும் யோசித்துக் கவலைப்பட வேண்டாம், அவள் எழுதிய பன்னிரண்டையே வைத்து வேலையைத் தொடங்கிவிடலாம் என்றார். கைப்பையில் அந்தத் தாள் நாலாக மடிந்து கிடந்தது.

"அந்த அளவு வேணாம்," என்றாள். "குழியில மறுபடி தண்ணி ஊத்தி ஊற வைங்க. நான் வந்து முதல்லேர்ந்து எடுக்கறேன்."

இந்த நேரத்தில் பேசுகிற பேச்சா என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நாத்தனாருக்கு மெல்ல விளங்கியது.

"நீ எடுக்கலையா?"

"பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டேன் அண்ணி. இருக்க முடியலை."

நாத்தனார் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இவன்கிட்ட சொல்லிடாதே."

சொல்ல மாட்டேன் என்று அவள் தலையசைத்தாள். அதன் பிறகு அவர் காதில் விழும்படி இருவரும் எதுவும் பேசவில்லை.