ஆறு இன்னும் ஆகவில்லை

"யாரும் நடக்காதீங்க! ஒரு நிமிஷம், இருக்கிற எடத்துலயே நில்லுங்க!"

வெள்ளை வண்டியிலிருந்து குதித்த ஆள் இப்படிக் கத்திக்கொண்டே உள்ளே ஓடிவந்தபோது, நூபியா காப்பித் தட்டும் கையுமாக முற்றத்தின் நடுவில் நின்றிருந்தாள். வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மடிக்கணினியைத் திறந்தபடியே மார்போடு அணைத்திருந்தான். துக்கத்துக்கு வந்திருந்த நூறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றார்கள். மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூட இறக்கப்போன சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"செத்தவன் அசையாமத்தான் படுத்திருக்கான். வேற யாரை நிறுத்தணும், தம்பி?" என்று பெட்டியின் தலைமாட்டிலிருந்து கேட்டாள் பிலோமினா அத்தை.

அவன் காதில் அது விழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெருமூச்சு விட்டு, "அப்பாடா, மலை இல்லே. நீங்கதான்" என்றான். அதற்கப்புறம்தான் அவன் கண்ணில் மெழுகுவர்த்திகள் பட்டன, பூ பட்டது, பெட்டி பட்டது.

"யாரு... யாரு இறந்துட்டாங்க?"

"எங்கப்பா, காசிமிரோ" என்றாள் நூபியா.

அவன் பக்கத்தில் கிடந்த சிமெண்ட் மூட்டையின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். நேரில் ஏழெட்டுத் தடவைதான் பார்த்திருப்பான் போல, ஆனால் கண் சிவந்துவிட்டது. இவனுக்கு என்ன வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் கூடப்பிறந்த அக்காவான அத்தையே இன்னும் ஒரு சொட்டு விடவில்லை.

அவன் பெயர் யாடெர். எரிமலைகளைக் கண்காணிக்கும் தலைநகர அலுவலகத்தின் ஆள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த அலுவலகத்தார் வந்து, தெலிகா மலையின் உறுமலைக் கேட்பதற்காக இந்த வீட்டுக் கொல்லையில் குழி தோண்டி ஒரு கருவியை இறக்கி, இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அதற்கு வைத்த பெயர் காது. அன்றிலிருந்து காதுக்கு அவர்தான் காவல். அந்தப் பக்கம் பந்து அடிக்கக் கூடாது, பன்றி வரக் கூடாது. அம்மா செத்த அன்று நூபியா கொல்லையில் விழுந்து புரண்டு அழுதபோதும், "கொஞ்சம் தள்ளிப் போய் அழும்மா, அங்கே ஆபீஸ்ல பயந்துக்குவாங்க" என்று சொன்ன மனுஷன்.

யாடெரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் ஒரு காப்பியைக் கையில் கொடுத்தாள். அங்கே வேலிக்கு அப்பால், பள்ளத்து ஒற்றையடிப் பாதையில், ஹசிந்தா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயசுக்காரி. கையில் துணி போட்டு மூடிய சட்டி. காலையிலிருந்து அதே இடம். நூபியா பார்க்காதமாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன், அம்மா போய் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாதபோது, இந்த ஹசிந்தா பின்தாழ்வாரத்தில் அம்மாவின் ஆடும் நாற்காலியில் ஹாயாக உட்கார்ந்திருந்ததை நூபியா பார்த்துவிட்டாள். அப்பா பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று நூபியா போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது. "என் உடம்புல உயிர் இருக்கிறவரைக்கும் நீ இந்த வேலியைத் தாண்டக் கூடாது." ஹசிந்தா எழுந்து போய்விட்டாள். அப்பா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.

"காலையில எட்டரையிலேர்ந்து கோடு தடிச்சுக்கிட்டே வந்துச்சுக்கா" என்றான் யாடெர். "பதினொண்ணரைக்கு டொம்முன்னு ஒரு அடி."

"பெட்டியை இறக்கினாங்க. ஒரு ஆளு கை நழுவிடுச்சு."

"பன்னெண்டு மணிக்கு மேல, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு அதிர்வு. கணக்கா அஞ்சே அஞ்சு."

"ஜெபமாலை. ஒவ்வொரு பத்து ஜெபம் முடியறப்பவும் மொத்தக் கூட்டமும் எழுந்து முட்டி போட்டுச்சு."

யாடெர் தலையில் கை வைத்துக்கொண்டான். "எங்க ஆபீஸ் பெரியவர், மலை கிளம்பிடுச்சு, ஊரைக் காலி பண்ணச் சொல்லலாமான்னு போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு!"

நூபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் இது என்ன சிரிப்பு என்று தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு இது தெரிந்தால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தாள். உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கூரைத் தகரம் கடகடவென்று ஆடியது. காப்பிக்குள் வளையம் போட்டது. கூட்டத்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாடெர் மட்டும் ஆசையாகத் திரையைக் காட்டினான். "பாருங்க, இதுதான் மலை. எடுத்தவுடனே பெரிசா வந்து, அப்படியே வால் மாதிரி தேஞ்சு போகுது. மனுஷ நடை இப்படி இருக்காது. குத்துக் குத்தா விழும்."

"நடக்கிறதெல்லாமா கேக்கும்?"

"பக்கத்துல நடந்தா ஏன் கேக்காது? உங்கப்பா நடை எங்க எல்லாருக்குமே மனப்பாடம். நல்ல கால், நொண்டிக் கால், கைத்தடி. டம், டிம், டிக். ஆபீஸ்ல அவருக்கு மூணுகால்காரர்னு பேரு. காலையில அந்தக் கோடு விழுந்தாத்தான் நாங்க காப்பி குடிக்கவே எழுந்திருப்போம்."

அவன் கண் ஏன் சிவந்தது என்று இப்போது விளங்கியது. போர்க்காலத்துக் குண்டுச் சில்லு வாங்கிய காலை அப்பா இழுத்துக்கொண்டு கோழிகளுக்குச் சோளம் போடப் போவதை, எங்கேயோ தூரத்தில் முகம் தெரியாத நாலு பேர் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

"அப்படீன்னா இன்னைக்குக் காலையில நடந்ததும் இதுல இருக்குமா?"

சனிக்கிழமை தோறும் காலை ஆறு மணிக்கு அவள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவருவது வழக்கம். நேற்று அப்பா போனில், "நாளைக்குக் கொஞ்சம் நேரத்தோட வா, ஒண்ணு பேசணும்" என்றார். ஹசிந்தா பேச்சாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வேண்டுமென்றே துணி துவைத்தாள், வாசலில் படிந்த மலைச் சாம்பலைப் பெருக்கினாள், எட்டு மணிக்கு வந்தாள். பின்தாழ்வாரத்துக் கித்தான் கட்டிலில் அப்பா மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது, மார்பில் கை கோத்திருந்தது, உடம்பு ஆறிப்போயிருந்தது. "ஆறு மணிக்கே வந்திருந்தா ஒரு வாய்த் தண்ணியாவது கொடுத்திருக்கலாம். ஒத்தையில கிடந்து போயிட்டான்" என்று அத்தை இதுவரை வந்த எல்லாரிடமும் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

ஆனால் சில விஷயங்கள் அவளுக்கு இடித்துக்கொண்டே இருந்தன. அப்பாவின் முட்டியில் மண் இருந்தது, முகத்தில் இல்லை. யாரோ துடைத்தமாதிரி இருந்தது. செருப்பு இரண்டும் கட்டிலுக்கடியில் ஜோடியாக இருந்தது. எழுபத்தொரு வருஷத்தில் அவர் செருப்பை ஜோடியாக விட்டவர் இல்லை.

யாடெர் தயங்கினான். "வேணாங்க்கா. பார்த்து என்ன ஆகப்போகுது?"

"வலியில தவிச்சாரான்னு தெரியணும். காட்டுங்க தம்பி."

அவன் கோட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான். "நாலே முக்கால். மூணுகால்காரர் எழுந்துட்டாரு. கோழிக் கூண்டு. திரும்பி வர்றாரு. அஞ்சு பத்து, உங்கம்மா வர்றாங்க."

"யாரு?"

"உங்கம்மா. இதோ, சின்னக் கோடு. பள்ளத்துப் பக்கத்துலேர்ந்து வரும், வர வரப் பெரிசாகும். தினம் இந்த நேரத்துக்குத்தானே. தண்ணிக்குப் போயிட்டு வர்றாங்கன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம்."

"எங்கம்மா செத்து ஏழு வருஷம் ஆச்சு."

தலைநகரத்துக்கே தெரிந்திருக்கிறது. அரை மணி நடையில் குடியிருக்கும் பெற்ற மகளுக்குத் தெரியவில்லை.

"தினமுமா?" என்றாள்.

"அஞ்சாறு வருஷமா தினமும். ஏழு மணிவரைக்கும் இருப்பாங்க. சனிக்கிழமை மட்டும்..." அவன் குரல் இறங்கிவிட்டது. "சனிக்கிழமை மட்டும் அஞ்சே முக்காலுக்கே போயிடுவாங்க."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. "இன்னைக்கு?" என்றாள்.

அஞ்சு நாற்பதுக்கு ஒரு கனத்த குத்து. அப்பா விழுந்தது. உடனே சின்னக் கோடுகள் நெருக்கமாக, ஓட்டமாக விழுந்திருந்தன. பிறகு இரண்டு நடையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, நின்று நின்று, தாழ்வாரம்வரை வந்தன. கைத்தடி இல்லை. அதன்பின் மூணுகால்காரரின் நடை எங்கேயுமே இல்லை.

"இது என்னன்னுதான் எங்களுக்குப் புரியலே" என்றான் யாடெர். அஞ்சு ஐம்பதிலிருந்து மெல்லிய கீறல்கள், ஒரே அளவு, ஒரே இடைவெளி. "கருவி ஏதோ பழுதுன்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் போகுது. ஆறு அம்பத்திரண்டுக்கு நின்னுடுது."

நூபியா தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். கித்தான் கட்டிலை ஒட்டினாற்போல் ஆடும் நாற்காலி இருந்தது. ஆட்டம் அப்பாவின் காலுக்கு ஆகாது, அவர் அதில் உட்காரவே மாட்டார். ஆறு வருஷமாகச் சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலி அது. இப்போது கட்டிலைப் பார்த்து இருந்தது.

"ஏழு அஞ்சுக்குச் சின்னக் கோடு பள்ளத்துக்குப் போயிடுச்சு" என்று முடித்தான் யாடெர்.

அவள் வேலிக்குப் போனாள். ஹசிந்தா அவளைக் கண்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"உள்ளே வரலே நூபியா. சட்டியை மட்டும் வாங்கிக்க. வந்தவங்களுக்குக் கொடு. யாரு செஞ்சதுன்னு சொல்ல வேணாம்."

"காலையில இங்கே இருந்தீங்களா?"

ஹசிந்தா சட்டியைப் பார்த்தாள். "ஆமா."

"ஏன் ஆளைக் கூப்பிடலே?"

"ஓடிப்போய்க் கூப்பிடறேன்னேன். கையை விடலேம்மா. அந்த மாதிரிப் பிடியை நான் பார்த்ததே இல்லே. வலின்னு ஒண்ணும் சொல்லலே, மூச்சுதான் வாங்குச்சு. அப்புறம் அதுவும் மெதுவாயிடுச்சு. முகத்தைத் துடைச்சு விட்டேன். நீ வந்து பார்க்கிறப்ப நல்லா இருக்கணும்னு..."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

ஹசிந்தா சட்டியின் துணியை இழுத்து இழுத்து மூடினாள்.

"சொல்லுங்க."

"மணி கேட்டாரு. நீ ஆறு மணிக்கு வருவேன்னு, ஆறு ஆயிடுச்சான்னு கேட்டாரு. ரெண்டு தடவை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஆகலேன்னேன்."

"ரெண்டாவது தடவை கேட்டப்ப மணி என்ன?"

"ஆறே முக்கால்" என்றாள்.

வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நூபியா அழுதாள். காலையிலிருந்து பத்துப் பேர் கட்டிப்பிடித்தும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. தள்ளிப் போய் அழச் சொல்ல ஆள் இல்லை. ஹசிந்தா கையை நீட்டினாள், அவளைத் தொடாமல் வேலிமேல் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் நூபியா மூக்கைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு நடந்தாள். ஆடும் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஜனங்களை விலக்கிக்கொண்டு, பெட்டியின் தலைமாட்டில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"இதை எதுக்குடி இங்கே தூக்கிட்டு வர்றே? இது உங்கம்மா நாற்காலி" என்றாள் அத்தை.

"தெரியும் அத்தே. கொஞ்சம் நகர்ந்துக்கங்க."

அவள் திரும்பிப் போய் வேலிப்படலைத் திறந்து, சட்டியை வாங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஹசிந்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, சீட்டாட்டம் மறுபடி நின்றது. அத்தை வாயைத் திறந்தாள். நூபியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, மூணு மணி ஜெபத்தை ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னாள். நூபியா ஹசிந்தாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள்.

வண்டியின் முன்பக்கத்தில் கணினியை வைத்துக்கொண்டு யாடெர் போனில் பேசிக்கொண்டிருந்தான். "மலை இல்லே சார். ஆளுங்கதான். இல்லே சார், நாளைக்கு அடக்கம் முடியறவரைக்கும் இப்படித்தான் இருக்கும்." நூபியா அவன் பக்கத்தில் இன்னொரு காப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே முதல் பத்து முடிந்து மொத்தக் கூட்டமும் முட்டி போட்டது. திரை ஒரு தடவை துள்ளிவிட்டு அடங்கியது. எல்லாரும் குனிந்து மௌனமாக இருந்த அந்த இடைவெளியில், மெலிந்துபோன கோட்டின்மேல், ஒரே அளவில், சின்னச் சின்னதாகக் கீறல் விழ ஆரம்பித்தது.

யாடெர் அதைப் பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"குடிங்க தம்பி, ஆறிடும்" என்றாள் நூபியா.